லேப்டாப் திரையை நம்பி போட்டோ திருத்தலாமா?

லேப்டாப்பில் கல்யாணப் படங்களைத் திருத்துகிறீர்கள். திரையில் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. ஆல்பம் அச்சாகிக் கைக்கு வந்தால் மாப்பிள்ளையின் முகம் கறுத்துக் கிடக்கிறது. மணப்பெண்ணின் அரக்குப் பட்டு கரும்பழுப்பாகிவிட்டது. லேபுக்கு போன் செய்தால், "நீங்க அனுப்பினதைத்தான் சார் போட்டோம்" என்பார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது உண்மைதான். பைலில் இருந்த இருட்டை உங்கள் லேப்டாப் திரை உங்களுக்குக் காட்டவில்லை.

இதற்குத் தீர்வு என்று பலரும் ஒரு பெரிய மானிட்டரை வாங்கி லேப்டாப்புடன் இணைத்துவிடுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் மானிட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து, கேபிளைச் செருகி, அப்படியே வேலை செய்யத் தொடங்கினால் அடுத்த ஆல்பமும் இருட்டாகத்தான் வரும். திரை பெரிதாக இருப்பது ஒரு வசதி. அதில் தெரியும் நிறத்தையும் வெளிச்சத்தையும் நம்ப முடிய வேண்டும் என்பது வேறு விஷயம். அந்த இரண்டாவது விஷயத்துக்குத் தேவைப்படுவது பணத்தைவிட ஒரு மணி நேர வேலை.

ஓசூரில் நிறம் என்பது பணம்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்தில் போட்டோ திருத்துபவர்கள் ஸ்டுடியோக்காரர்கள் மட்டும் அல்ல. பாகலூர், தளி, தேன்கனிக்கோட்டை பகுதிகளில் பசுமைக்குடில் வைத்து ரோஜா வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அமுதகொண்டபள்ளியில் டிட்கோவின் பங்குடன் டான்ஃப்ளோரா மலர்ப் பூங்காவே அமைந்தது. பிப்ரவரி 14 நெருங்கும்போது இங்கிருந்து பல நாடுகளுக்குப் பூ போகிறது. வாங்குபவர் பூவைப் பார்ப்பதற்கு முன் போட்டோவைத்தான் பார்க்கிறார். தாஜ்மஹால் ரக ரோஜாவின் அடர்ந்த சிவப்பு போட்டோவில் ஆரஞ்சு கலந்து தெரிந்தால், அவர் வேறு ரகம் என்றே நினைத்துக்கொள்வார்.

கிருஷ்ணகிரி மாம்பழத்துக்கும் இதே கதைதான். திரை நீலம் அடித்தால் அதைச் சரிக்கட்ட நீங்கள் மஞ்சளைக் கூட்டுவீர்கள். சரியான திரையில் அந்தப் பழம் மருந்து வைத்துப் பழுக்க வைத்ததுபோல் தெரியும். சிப்காட்டில் சிறிய பட்டறை வைத்து வாகன உதிரி பாகங்கள் செய்பவர்களும் இப்போது தாங்களே போட்டோ எடுத்து கேட்லாக் தயாரிக்கிறார்கள். இரும்புக்கும் அலுமினியத்துக்கும் நிறம் இல்லைதானே என்று நினைக்க வேண்டாம். நிறத்தில் ஏற்படும் பிசகை முதலில் காட்டிக்கொடுப்பது சாம்பல் நிறம்தான். மெஷினிங் செய்த அலுமினியப் பாகம் லேசாக நீலமாகவோ பச்சையாகவோ தெரிந்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

லேப்டாப் திரையில் என்ன குறை?

குறைந்த விலை லேப்டாப்புகளின் விவரக் குறிப்பில் '45 சதவிகிதம் என்.டி.எஸ்.சி.' என்ற வரியைப் பார்த்திருப்பீர்கள். அது பெருமைக்குரிய வரி அல்ல. எச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் 1996-ல் முன்வைத்த எஸ்.ஆர்.ஜி.பி. என்ற நிற அளவுதான் இன்றைக்கும் இணையத்துக்கும் பெரும்பாலான அச்சு லேப்களுக்கும் பொது மொழி. 45 சதவிகிதத் திரை அந்த அளவில் 60 சதவிகிதத்தைச் சற்றுத் தாண்டித்தான் காட்டும். அதாவது, போட்டோவில் இருக்கும் நிறங்களில் ஒரு பகுதி உங்கள் திரையில் தோன்றவே தோன்றாது. முதலில் அடிபடுவது அடர்ந்த சிவப்பும் பச்சையும். ரோஜாச் செடியில் வேறு என்ன இருக்கிறது?

அடுத்தது கோணம். லேப்டாப் திரை டி.என். வகையாக இருந்தால், மூடியைக் கொஞ்சம் முன்னே பின்னே சாய்த்தாலே படம் வெளுக்கும் அல்லது கறுக்கும். நேற்று ஒரு கோணத்தில் உட்கார்ந்து திருத்திய படமும் இன்று திருத்திய படமும் ஒத்துப்போகாது.

இடவசதியும் இருக்கிறது. 12-க்கு 36 அங்குல ஆல்பம் விரிப்பு ஒன்று 300 டி.பி.ஐ.யில் 10,800-க்கு 3,600 பிக்சல். முழு எச்.டி. லேப்டாப் திரையில் அதை நூறு சதவிகிதத்தில் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய பத்தொன்பதில் ஒரு பங்குதான் தெரியும். போட்டோஷாப்பின் பேனல்கள் வேறு இடத்தை அடைத்துக்கொள்ளும்.

எந்த மானிட்டர் வாங்கலாம்?

பேனல் ஐ.பி.எஸ். வகையாக இருக்கட்டும். விவரக் குறிப்பில் '99 அல்லது 100 சதவிகிதம் எஸ்.ஆர்.ஜி.பி.' என்று இருக்கிறதா என்று பாருங்கள். '72 சதவிகிதம் என்.டி.எஸ்.சி.' என்று போட்டிருந்தால் அதுவும் பரப்பளவில் கிட்டத்தட்ட அதற்குச் சமம். 24 அங்குலத்தில் 1920-க்கு 1080 பிக்சல் போதும். இது பத்தாயிரம் ரூபாய் அளவிலேயே கிடைக்கும். கையில் பணம் இருந்தால் 27 அங்குலத்தில் 2560-க்கு 1440 வாங்குங்கள். 27 அங்குலத்தில் 1920-க்கு 1080 மட்டும் வேண்டாம். எழுத்துகளும் படத்தின் ஓரங்களும் கரடுமுரடாகத் தெரியும்.

கேம் விளையாடுவோருக்கான 144 ஹெர்ட்ஸ், 180 ஹெர்ட்ஸ் எல்லாம் போட்டோவுக்குத் தேவையில்லை. வளைந்த திரையும் வேண்டாம். கட்டடத்தின் நேர்க்கோடு உண்மையிலேயே வளைந்திருக்கிறதா, திரைதான் வளைத்துக் காட்டுகிறதா என்ற சந்தேகம் தீராது.

வீட்டில் சும்மா இருக்கும் 32 அங்குல டி.வி.யை இணைக்கலாமா? இணைக்கலாம், படம் பார்க்க. அந்த அளவு டி.வி.க்கள் பலவற்றில் 1366-க்கு 768 பிக்சல்தான் இருக்கும். அது போதாதென்று டி.வி. தானாகவே நிறத்தைக் கூட்டி, ஓரங்களைக் கூர்மையாக்கிக் காட்டும். போட்டோ திருத்துவதற்கு ஆகாது.

ஓசூர்க்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூரு. அங்கே எஸ்.பி. ரோட்டில் நிறுவனங்கள் கழித்துவிட்ட மானிட்டர்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. இவற்றில் நல்ல ஐ.பி.எஸ். மானிட்டர்களும் உண்டு. ஆனால் வாங்கும்போது கடையிலேயே ஆன் செய்து பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பெயிண்ட் புரோகிராமில் முழு வெள்ளை, முழுக் கறுப்பு, முழுச் சாம்பல் என்று மூன்று படங்களை உருவாக்கி பென் டிரைவில் எடுத்துப் போங்கள். வெள்ளையில் ஒரு பக்கம் மஞ்சளாக இருக்கிறதா, சாம்பலில் கறை தெரிகிறதா, கறுப்பில் மின்னும் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். எல்.இ.டி. வருவதற்கு முன்பிருந்த சி.சி.எஃப்.எல். விளக்கு கொண்ட மானிட்டர்கள் வயதானால் மங்கி மஞ்சளாகிவிடும். அவை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நிற வேலைக்கு எடுக்க வேண்டாம்.

கேபிளில் கவனம்

லேப்டாப்பில் எச்.டி.எம்.ஐ. போர்ட் இருந்தால் முழு எச்.டி. மானிட்டருக்கு அது போதும். 4கே மானிட்டர் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எச்.டி.எம்.ஐ. 1.4 உள்ள பழைய லேப்டாப் 4கே திரைக்கு நொடிக்கு 30 தடவைதான் படம் அனுப்பும். மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகரும். 60 வேண்டுமென்றால் எச்.டி.எம்.ஐ. 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் தேவை.

யு.எஸ்.பி. சி போர்ட் இருக்கிறதே என்று அதற்கான மானிட்டரை வாங்கிவிடாதீர்கள். எல்லா சி போர்ட்டும் படம் அனுப்பாது. போர்ட்டின் அருகில் தண்டர்போல்ட் மின்னல் குறியோ டிஸ்ப்ளேபோர்ட் குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். குறி இல்லாவிட்டால் லேப்டாப் மாடல் எண்ணை வைத்து நிறுவனத்தின் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பழைய வி.ஜி.ஏ. கேபிளை மட்டும் தொட வேண்டாம். அது அனலாக். படம் லேசாகக் கலங்கித்தான் தெரியும்.

எச்.டி.எம்.ஐ.யில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். சில லேப்டாப்புகள் மானிட்டரை டி.வி. என்று நினைத்துக்கொண்டு, 0 முதல் 255 வரை அனுப்புவதற்குப் பதில் 16 முதல் 235 வரை மட்டும் அனுப்பும். கறுப்பு சாம்பலாகத் தெரியும், படம் முழுக்க வெளுத்திருக்கும். நீங்கள் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிக் கூட்டி படத்தைக் கெடுப்பீர்கள். இன்டெல் அல்லது என்விடியாவின் கிராஃபிக்ஸ் செட்டிங்ஸில் நுழைந்து ரேஞ்ச் என்ற இடத்தில் ஃபுல் என்று தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

விண்டோஸில் செய்ய வேண்டியவை

கேபிளை இணைத்ததும் விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு பி கீயைத் தட்டுங்கள். நான்கு வாய்ப்புகள் தோன்றும். இவற்றில் டூப்ளிகேட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். இரண்டு திரைகளுக்கும் ஒரே ரெசல்யூஷன் வைக்கப் பார்ப்பதால் ஏதாவது ஒன்று கலங்கலாகிவிடும். எக்ஸ்டெண்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே பகுதிக்குச் செல்லுங்கள். மேலே 1, 2 என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். மானிட்டருக்கான பெட்டியைக் கிளிக் செய்து, மேக் திஸ் மை மெயின் டிஸ்ப்ளே என்பதை டிக் செய்யுங்கள். ரெசல்யூஷனில் ரெகமெண்டட் என்று காட்டுவதையே வையுங்கள். நைட் லைட் ஆன் ஆகியிருந்தால் ஆஃப் செய்யுங்கள். அது திரையை மஞ்சளாக்கும். எச்.டி.ஆரும் ஆஃபில் இருக்கட்டும். திரைக்குத் தகுந்தபடி வெளிச்சத்தைத் தானாக மாற்றும் வசதி லேப்டாப்பில் இருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள். இன்டெல் கிராஃபிக்ஸில் பேட்டரியைச் சேமிப்பதற்காக இதேபோல ஒரு வசதி இருக்கிறது. இவை லேப்டாப் திரையை மட்டும் பாதிப்பவை என்றாலும், இரண்டு திரைகளையும் ஒப்பிடும்போது குழப்பிவிடும்.

இப்போது மானிட்டரின் கீழே அல்லது பின்னால் இருக்கும் பட்டனை அழுத்தி அதன் மெனுவைத் திறங்கள். கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் விவிட், ஸ்டாண்டர்ட், கேம் என்று ஏதாவது ஒரு மோடில் இருக்கும். எஸ்.ஆர்.ஜி.பி. என்ற மோட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் யூசர் அல்லது கஸ்டம். கலர் டெம்பரேச்சர் 6500கே. டைனமிக் கான்ட்ராஸ்ட், ஷார்ப்னெஸ் கூட்டுவது போன்ற எல்லாவற்றையும் ஆஃப் செய்யுங்கள். சில மானிட்டர்களில் எஸ்.ஆர்.ஜி.பி. மோடில் வெளிச்சத்தை மாற்ற முடியாதபடி பூட்டியிருப்பார்கள். அப்படியானால் அந்த மோடை விட்டுவிட்டு யூசர் மோடுக்கு வாருங்கள். ஏனென்றால் அடுத்து செய்யப்போவது வெளிச்சத்தைக் குறைக்கும் வேலை.

ஆல்பம் ஏன் இருட்டாக வருகிறது?

சாதாரண மானிட்டரை முழு வெளிச்சத்தில் வைத்தால் 250 அல்லது 300 நிட் வரும். அச்சுக்குப் போகும் படங்களைத் திருத்த 80 முதல் 120 நிட் போதும் என்பது நீண்ட நாள் நடைமுறை. காகிதத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அறையின் வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டுகிறது, அவ்வளவுதான். இருமடங்குக்கு மேல் எரியும் திரையில் பார்த்தால் இருட்டான முகமும் தெளிவாகத் தெரியும். நீங்களும் போதும் என்று விட்டுவிடுவீர்கள். இருட்டு ஆல்பங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதுதான், கேமராவும் அல்ல, லேபும் அல்ல.

கருவி இல்லாமலே இதைச் சரிசெய்யலாம். ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள். அதில் முகம், வெள்ளை வேட்டி, ஜரிகை, கறுப்புத் தலைமுடி நான்கும் இருக்கட்டும். பூ வியாபாரம் என்றால் ஒரு சிவப்பு ரோஜா, ஒரு வெள்ளை ரோஜா, இலை. எஸ்.ஆர்.ஜி.பி.யில் சேமித்து, எப்போதும் கொடுக்கும் லேபில் சிறிய பிரிண்ட் ஒன்று போடுங்கள். 'கரெக்ஷன் செய்ய வேண்டாம்' என்று மறக்காமல் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் லேப் ஆபரேட்டர் நல்ல மனதோடு திருத்திவிடுவார், சோதனையே வீணாகும்.

பிரிண்டை மானிட்டரின் பக்கத்தில் நல்ல வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு, அதே பைலைத் திரையில் திறங்கள். இப்போது பைலைத் தொடக்கூடாது. மானிட்டரின் பிரைட்னஸை மட்டும் குறைத்துக்கொண்டே வாருங்கள். திரையில் தெரியும் படமும் பிரிண்டும் ஒரே வெளிச்சமாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். பல மானிட்டர்களில் அது 20-க்கும் 40-க்கும் இடையில் வந்து நிற்கும். முதல் இரண்டு நாள் திரை மங்கலாக இருப்பதுபோல் தோன்றும், பிறகு பழகிவிடும். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி மானிட்டரின் பின்னால் ஒட்டிவையுங்கள். வீட்டில் யாராவது கிரிக்கெட் பார்க்க வெளிச்சத்தைக் கூட்டினாலும் பழைய இடத்துக்கு வந்துவிடலாம்.

அறை வெளிச்சமும் இதில் ஒரு பங்கு. ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் எதிரொளிக்கும். பகலில் ஒரு மாதிரி, இரவில் ஒரு மாதிரி திருத்துவீர்கள். மானிட்டரை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்து, திரைச்சீலை போட்டு, ஒரே விளக்கில் வேலை செய்யுங்கள். சுவருக்குப் பச்சையோ ரோஸோ அடித்திருந்தால் அந்த நிறம் உங்கள் கண்ணை ஏமாற்றும். சுவரை மாற்ற முடியாது. டெஸ்க்டாப் வால்பேப்பரையாவது சாம்பல் நிறமாக மாற்றிவிடுங்கள்.

தொழிலாகவே செய்பவர்கள் கலரிமீட்டர் கருவி வாங்கலாம். டேட்டாகலர் நிறுவனத்தின் ஸ்பைடர், கேலிபிரைட் நிறுவனத்தின் கருவிகள் புழக்கத்தில் இருக்கின்றன. திரையில் தொங்கவிட்டால் அது நிறங்களை அளந்து, அந்த மானிட்டருக்கென்று ஒரு புரொஃபைல் பைலைத் தயாரித்துக் கொடுக்கும். விலை உங்கள் மானிட்டரின் விலையைத் தாண்டிவிடலாம். ஒரே ஊரில் நான்கு ஸ்டுடியோக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். மாதத்துக்கு ஒருமுறை பயன்படுத்தும் கருவிதானே!

எந்தத் திரையை நம்புவது?

இரண்டு திரைகளும் அருகருகே இருக்கும்போது ஒரே படம் இரண்டு நிறமாகத் தெரியும். பதற வேண்டாம். இரண்டையும் ஒன்றாக்க முயன்று பொழுதைக் கழிக்கவும் வேண்டாம். 45 சதவிகிதத் திரையில் இல்லாத நிறத்தை எந்த செட்டிங்ஸாலும் வரவழைக்க முடியாது. நிறம், வெளிச்சம் பற்றிய எல்லா முடிவுகளும் மானிட்டரில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் திரையில் லேயர் பேனல்கள், போல்டர்கள், வாடிக்கையாளர் அனுப்பிய பெயர்ப் பட்டியல் ஆகியவை இருக்கட்டும்.

போட்டோஷாப், லைட்ரூம், கிம்ப், டார்க்டேபிள் போன்ற புரோகிராம்கள் மானிட்டரின் புரொஃபைலைப் படித்து நிறத்தைக் காட்டும். கிம்ப்பில் எடிட், பிரிஃபரன்சஸ், கலர் மேனேஜ்மெண்ட் பகுதிக்குச் சென்று சிஸ்டம் மானிட்டர் புரொஃபைலைப் பயன்படுத்தும் வாய்ப்பை டிக் செய்ய வேண்டும். கிம்ப் 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வந்தது, இலவசம். சில சமயம் மானிட்டர் டிரைவருடன் வரும் புரொஃபைலே பழுதாக இருக்கும். படம் பார்க்கும் புரோகிராமில் மட்டும் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தால் சந்தேகம் அதன்மேல்தான். ஸ்டார்ட் மெனுவில் கலர் மேனேஜ்மெண்ட் என்று தேடித் திறந்து, அந்த மானிட்டரைத் தேர்ந்தெடுத்து, எஸ்.ஆர்.ஜி.பி. புரொஃபைலைச் சேர்த்து டிஃபால்ட் ஆக்குங்கள்.

ரோஜாவில் ஒரு சிக்கல்

சிவப்பு ரோஜாவை எடுத்தால் இதழ்களின் மடிப்பே தெரியாமல் சிவப்பு மைக் கறைபோல் ஆகிவிடுவது உண்டு. சிவப்பு சேனல் மட்டும் 255-ஐத் தொட்டு நின்றுவிடுவதுதான் காரணம். பொதுவான ஹிஸ்டோகிராமில் இது தெரியாது. சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு வலது சுவரில் மோதி நிற்கிறதா என்று பாருங்கள். மோதினால் எக்ஸ்போஷரையும் சாச்சுரேஷனையும் கொஞ்சம் குறையுங்கள். மடிப்புகள் திரும்பி வரும். கேமராவிலேயே சேனல் முழுதாக நிரம்பிப்போயிருந்தால் ஜே.பி.ஜி.யில் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் பூ எடுப்பவர்கள் ரா முறையில், கொஞ்சம் குறைந்த எக்ஸ்போஷரில் எடுப்பது நல்லது.

முடித்ததும் எஸ்.ஆர்.ஜி.பி. ஜே.பி.ஜி.யாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அடோபி ஆர்.ஜி.பி.யில் அனுப்பினால் அதைப் புரிந்துகொள்ளாத புரோகிராம்களில் பூ வெளிறித் தெரியும். வாங்குபவர் போனில்தான் பார்ப்பார் என்பதால் ஒரு போனிலும் பார்த்துவிடுங்கள். பல ஓலெட் போன்கள் விவிட் மோடில் நிறத்தைக் கூட்டிக் காட்டும். அதை நேச்சுரலுக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பினால் படம் சுருங்காது.

கரண்ட் போனால்?

லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு, மானிட்டருக்குக் கிடையாது. கரண்ட் போனதும் மானிட்டர் அணைந்துவிடும். லேப்டாப்பில் வேலை போகாது என்றாலும், எங்கே எது திறந்திருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். லேப்டாப்பை மூடி வைத்து மானிட்டரில் மட்டும் வேலை செய்பவர்கள் கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குச் சென்று, மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில், பிளக்கில் இருக்கும்போது டூ நத்திங் என்று மாற்றியிருப்பீர்கள். அவர்கள் கரண்ட் போனதும் மூடியைத் திறந்துவிட வேண்டும். 24 அங்குல எல்.இ.டி. மானிட்டர் 20, 30 வாட்தான் இழுக்கும். கம்ப்யூட்டருக்கு வாங்கி ஓரமாகக் கிடக்கும் பழைய 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸின் பேட்டரியை மாற்றி மானிட்டரை அதில் இணைத்துவிடுங்கள். பைலைச் சேமித்துவிட்டு எழுந்துபோக நேரம் கிடைக்கும்.